வளைகாப்புக்குப் போன கார்

அப்பா டிராக்டர் ஓட்டுவதுபோலத்தான் காரும் ஓட்டுவார். முதுகை நிமிர்த்திக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, பின்னால் கரும்பு லோடு ஒழுங்காக வருகிறதா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டு. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு வருஷா வருஷம் கரும்பு ஏற்றிப்போன பழக்கம். பின் சீட்டில் நானும் அம்மாவும் சரிந்து விழாமல் இருக்கிறோம் என்று தெரிந்த பிறகுதான் திருப்தியோடு முன்னால் திரும்புவார்.

அந்த வெள்ளைக் கார் கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் வைத்திருந்தது. டாக்டருக்கும் வயதாகிவிட்டது, காருக்கும் வயதாகிவிட்டது, இரண்டில் ஒன்றைத்தான் அந்த வீட்டில் வைத்துப் பராமரிக்க முடியும் என்பதால் காரை விற்றுவிட்டார்கள் என்று அம்மா சொல்வாள். நைனார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் கார் அதுதான். காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரிலிருந்து வெள்ளையாகப் புகை வரும். பனிக்காலத்தில் மாடு மூச்சு விடுவதுபோல இருக்கும். தெருப் பிள்ளைகள் அதற்குள் ஓடிப் பிடித்து விளையாடுவோம்.

"அது பொகை இல்ல, ஆவி. வண்டி சூடானா பூடும்" என்பார் அப்பா.

அது உண்மைதான். கொஞ்ச நேரத்தில் போய்விடும். ஆனால் அப்பாவுக்குத் தெரிந்த மற்ற புகைகள் எல்லாம் டிராக்டர் புகைகள். டீசலைத் தவிர வேறு எதையும் குடிக்கிற இயந்திரத்தோடு அவர் அதுவரை பழகியதில்லை.

நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது அத்தைக்கு வளைகாப்பு வந்தது. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் இருந்தாள். மாமா அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அத்தை ஏன் நம் வீட்டுக்கு வருவதே இல்லை என்று கேட்டால், "மலையில பஸ்ஸு கம்மி" என்பாள் அம்மா. எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

தாத்தா காலமான பிறகு அப்பாதான் அத்தையை வளர்த்துப் படிக்கவைத்தார். அவளோ ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டுவிட்டாள். அன்றிலிருந்து அப்பா அவள் பேரை வீட்டில் எடுத்ததில்லை. மாமாவோடு ஒரு சொல் பேசியதில்லை. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வளைகாப்புப் பேச்சை எடுத்தவளும் அம்மாதான். அப்பா காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றாள்.

"அவளுக்கு நம்மள வுட்டா யாரு இருக்கறாங்க? நாமதான போயி வளையல் போடணும்."

அப்பா ஒரே கதவைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். கடைசியில், "வண்டிய ஓட்டிக்கினு வர்றேன். வூட்டுக்குள்ள வரமாட்டேன். வெளியில வண்டியிலயே குந்திக்கினு இருப்பேன்" என்றார்.

"சரிங்க. உங்களுக்கு சோறு வண்டிக்கே வரும்" என்றாள் அம்மா.

விடிந்ததும் கிளம்பினோம். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் தூக்குகளில் டிக்கியில் ஏறின. கண்ணாடி வளையல் பெட்டி என் மடியில். முன் சீட்டில் வாழைத்தாரும் பூக்கூடையும். தேங்காய், வெற்றிலைபாக்கு இருந்த மஞ்சள் பையை எங்கே வைத்தாலும் உருண்டது. அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்ய ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குமிழை வெளியே இழுத்தார். வண்டி உறுமியது. குமிழ் நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் மஞ்சள் பையை அதிலேயே மாட்டிவிட்டார். அதற்கென்றே செய்து வைத்ததுபோல அது அங்கே அழகாகத் தொங்கியது.

கள்ளக்குறிச்சி தாண்டினோம். வடக்கனந்தல் பக்கம் போகும்போது காருக்குள் பெட்ரோல் வாசனை அடித்தது. எனக்கு அந்த வாசனை பிடிக்கும். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாங்க, பெட்ரோல் வாசன அடிக்குதே?"

"பெட்ரோல் வண்டியில பெட்ரோல் வாசன அடிக்காம சீயக்கா வாசனையா அடிக்கும்?"

கோமுகி அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவிலேயே கார் கனைத்தது. நான் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சாலையே தெரியவில்லை. கன்னங்கரேலென்று புகை. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் அதற்குள் புகுந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்து, எங்களைக் கடந்து போகும்போது ஏதோ சொன்னார். அம்மா என் காதைப் பொத்தினாள்.

"லோடு ஜாஸ்தி. அதான் மூச்சு வாங்குது" என்றார் அப்பா, திரும்பி அம்மாவைப் பார்த்து.

"அப்ப எங்கள எறக்கி வுட்டுட்டு நீங்க மட்டும் போயி வளையல் போட்டுக்கினு வாங்க" என்றாள் அம்மா.

இன்னும் சில வளைவுகள் ஏறியது. பிறகு ஒரு புளியமரத்துக்கு அருகில், இருமி இருமி நின்றேவிட்டது. அப்பா இறங்கிப் பானெட்டைத் திறந்தார். சூடு முகத்தில் அடித்தது. வண்டிக்குக் கீழே சாலையில் ஈரமாக ஒரு வட்டம் விழுந்து, கண்ணெதிரிலேயே பெரிதாகிக்கொண்டிருந்தது. அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தீனி எடுக்காத எருமையைப் பார்ப்பதுபோல எஞ்சினைப் பார்த்தார்.

நல்ல நேரம் உச்சிக்குள் முடிந்துவிடும். அம்மா அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். மலைக்குப் போகிற பஸ் ஒன்று வந்ததும் நடுச்சாலையில் நின்று கையை நீட்டினாள். கண்டக்டரிடம் அத்தை வீட்டு அடையாளம் சொல்லி, கார் நின்றுபோன விவரத்தையும் சொன்னாள். அந்தக் காலத்தில் செல்போன் மலை ஏறவில்லை. மலைப் பஸ் கண்டக்டர்கள்தான் செய்தி கொண்டுபோவார்கள்.

"யாருக்கும் சொல்ல வேணாம். நானே பாத்துக்குவேன்" என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் பஸ் வளைவு திரும்பிவிட்டது.

மாமா தன் பழைய மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஒல்லியான ஆள். கண்ணாடி. சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தார். "வாங்கக்கா" என்று அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். என் கன்னத்தைத் தட்டினார். அப்பாவைப் பார்த்தார். அப்பா பள்ளத்தாக்கில் ஏதோ முக்கியமான விஷயத்தைக் கண்டுபிடித்ததுபோலக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியின் பின்பக்கம் போய் சைலன்சர் அருகே நின்றுகொண்டார். மாமா முன்பக்கம் போய் எஞ்சினுக்குள் தலையை விட்டார். நடுவில் நான்.

"பாப்பா, பொகை இன்னா கலர்ல வந்துதுன்னு கேளு" என்றார் மாமா.

நான் ஓடினேன். "அப்பா, பொகை இன்னா கலர்னு கேக்கறாரு."

"கறுப்புன்னு சொல்லு. நாசில் அடைச்சிக்கினு இருக்கும்னு சொல்லு."

திரும்ப ஓடினேன். மாமா சிரித்தார். "நாசில் டீசல் வண்டியில இருக்கும்மா. இது பெட்ரோல் வண்டி. நல்லா கேட்டுக்கினு வா, கறுப்பா, நீலமா? நீலமா இருந்தா ஆயில் எரியுது, எஞ்சினையே பிரிக்கணும். கறுப்பா இருந்தா பெட்ரோல ஜாஸ்தி குடிக்குது, அவ்ளோதான்."

இருவருக்கும் இடையில் ஒரு காரின் நீளம்தான். ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் கார் ரிப்பேருக்கு இப்படி நடுவில் ஓர் ஆள் வேண்டும் போலிருக்கிறது, கிரிக்கெட்டுக்கு அம்பயர் மாதிரி, என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்தப் பொறுப்பு எனக்குக் கிடைத்ததில் பெருமையாகவும் இருந்தது. கேட்டதை ஒரு எழுத்து விடாமல் கொண்டுபோனேன். நடுவில் மூச்சு வாங்கியபோது அப்பாவும் மாமாவும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

"கறுப்பேதானாம்."

"சரி, வெள்ளத் துணி இருந்தா சைலன்சர் வாயத் தொடச்சிக் குடுக்கச் சொல்லு. பிசுபிசுன்னு வந்தா ஆயிலு. பவுடர் மாதிரி வந்தா வெறும் கரி."

அப்பாவின் தோளில் புதுத் துண்டு இருந்தது. அன்றைக்கென்றே எடுத்தது. அவர் அதை ஒரு தடவை பார்த்தார். பிறகு மடித்து சைலன்சருக்குள் விரலைவிட்டு நன்றாகத் துடைத்து, என்னிடம் கொடுத்தார். மாமா அதை வாங்கி, கரியை விரல்களுக்கு நடுவில் தேய்த்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"சுத்தமா உலர்ந்த கரி. ஒரு சொட்டு ஆயில் இல்ல. எஞ்சின் நல்ல எஞ்சின்னு உங்க அப்பாகிட்ட சொல்லு."

சொன்னேன். டாக்டரிடமிருந்து வாங்கிய நாளிலிருந்து அந்தக் காரை யாரும் நல்ல வண்டி என்று சொன்னதில்லை. அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "அது தெரியும்னு சொல்லு" என்றார்.

மாமா ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். மஞ்சள் பையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பாப்பா, சோக்குல யாரு தேங்காப் பைய மாட்டனாங்கன்னு கேளு."

"மாட்டறதுக்குத்தான வெச்சிருக்கான்னு சொல்லு" என்றார் அப்பா, நான் போய்க் கேட்பதற்கு முன்னாலேயே.

குளிரில் வண்டியை எழுப்பும்போது மட்டும் பெட்ரோல் கூடுதலாகப் போவதற்காக இழுப்பதுதான் சோக்கு என்கிற அந்தக் குமிழ். வண்டி சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். நாங்களோ அதில் தேங்காய் மாட்டி நைனார்பாளையத்திலிருந்து மலைவரை இழுத்தபடியே வந்திருக்கிறோம். மாமா பையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குமிழை உள்ளே தள்ளினார். அம்மா பையை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது.

புகைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஒழுகுவது மட்டும் நிற்கவில்லை. மாமா அது கார்புரேட்டரிலிருந்து வழிகிறது, கழற்ற வேண்டும் என்றார். அப்பா, கழற்றக் கூடாது என்று சொல்லு என்றார். நான் இந்தச் செய்திகளோடு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மேலேயிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய வேன் ஒன்று இறங்கி வந்து நின்றது. ஓட்டிவந்தவர் உதவி செய்கிற ஆசையோடு குதித்து இறங்கினார்.

"இன்னா ஒழுவுதா? எங்க?" என்று கேட்டபடி வண்டிக்கு முன்னால் குந்தினார். அடியில் நிழலாக இருந்ததால் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. வாயில் பீடி. கையில் தீப்பெட்டி. குச்சியை எடுத்து உரசப்போனார்.

"டேய்!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் புளியமரத்துக் குரங்குகள் தாவி ஓடின. மாமா பாய்ந்து அந்த ஆளின் மணிக்கட்டைப் பிடித்துத் தீப்பெட்டியோடு தூக்கினார். அப்பா என்னை இடுப்போடு வாரி எடுத்து, அம்மா இருந்த பக்கம் ஓடி, அவள் மேல் போட்டார். நான் அதுவரை நின்றிருந்த இடத்திலிருந்து அந்த ஈர வட்டம் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். எனக்கு அப்போது பயம் வரவில்லை. அப்பா ஏன் என் தலையைத் தடவிக்கொண்டே இருக்கிறார் என்றுதான் பார்த்தேன்.

குச்சி உரசப்படவில்லை. வேன்காரர் பீடியை எங்கேயோ வீசிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார்.

மாமாவின் கண்ணாடி சாலையில் கிடந்தது. அது இல்லாமல் அவருக்கு எதுவும் தெரியாது போல, கையால் துழாவினார். அப்பா திரும்பி வந்து அதை எடுத்தார். தோள் துண்டு மாமா விட்ட இடத்தில் மட்கார்டு மேல் கிடந்தது. அதையே எடுத்து, கண்ணாடியின் இரண்டு பக்கமும் அக்கறையாகத் துடைத்து, மாமாவின் கையில் கொடுத்தார். மாமா அதை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். இரண்டு வட்டமும் கரிக்கட்டை. மூக்கிலும் கரி.

"இன்னா இது, ராத்திரி ஆயிடிச்சா?" என்றார் மாமா.

அப்பா சிரித்தார். முதலில் மூக்கால் சிரித்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். அம்மா என்னை இறுக்கிப் பிடித்தபடி அழுகையும் சிரிப்புமாக நின்றாள். பயந்துபோயிருந்த வேன்காரரும், எதற்கென்று தெரியாமல், கூடச் சேர்ந்துகொண்டார்.

சிரித்து முடித்ததும் அப்பா எஞ்சினுக்குள் குனிந்தார். கண்ணால் பார்க்காமல் விரலால் தடவிக்கொண்டே போனார். டிராக்டரின் ரப்பர் குழாய்களைத் தடவிப் பழகிய விரல். பெட்ரோல் குழாய் கார்புரேட்டருக்குள் நுழைகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது.

"மாப்ள, இங்க கைய வைங்க."

மாமா கையை வைத்தார். "வெடிச்சிருக்கு மச்சான்."

"நுனியிலதான். நுனிய வெட்டிட்டு மறுபடியும் சொருவிக் கட்டனா வூடு போய்ச் சேரலாம். அப்பால புது ஓஸ் போட்டுக்கலாம்."

"ஆமா மச்சான். நான் கார்புரேட்டர்னு தப்பா சொல்லிட்டேன்."

"நான் மட்டும் இன்னா, சோக்குல தேங்காய மாட்டனேன்."

நான் அடுத்த செய்திக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். எதுவும் வரவில்லை. இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு, எஞ்சினுக்குள் குனிந்தபடி, நேராகவே பேசிக்கொண்டார்கள். என் வேலை போய்விட்டது. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. "அவரு பேரு மாப்ளயா?" என்று அம்மாவைக் கேட்டேன். "இன்னிலருந்து" என்றாள் அம்மா.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, எலுமிச்சை அரியக் கொண்டுவந்த கத்தியால் குழாயின் நுனியை வெட்டி, வேன்காரர் கொடுத்த கம்பியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது, மலைக்குப் போன அதே பஸ் கீழே இறங்கி வந்தது. எங்கள் பக்கத்தில் நின்றது. முன் படியில் அத்தை. ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வீட்டில் காத்திருக்க முடியவில்லையாம்.

அப்பா நிமிர்ந்தார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்கள் பேசிக்கொள்ளவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அதனால் அவர் சொன்னது எனக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது.

"இந்த நெலமையில பஸ்ஸுல ஏறி வருவியா? அறிவு இருக்குதா உனக்கு? மொதல்ல ஒக்காரு."

உட்கார இடமில்லை. அப்பா கார்க் கதவைத் திறந்து, பின் சீட்டை அப்படியே பெயர்த்து எடுத்துவந்து, புளியமரத்தடியில் போட்டார். அத்தை அதில் உட்கார்ந்தாள். அம்மா சூரியனைப் பார்த்தாள்.

"நல்ல நேரம் போய்க்கினு இருக்குது. இங்கயே போட்டுடலாம்" என்றாள்.

கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். பஸ்ஸிலிருந்த பெண்கள் எல்லாம் இறங்கினார்கள். சந்தைக்குப் போகிற மலைக்காரப் பெண்கள், கைக்குழந்தைக்காரிகள், ஆசுபத்திரிக்குப் போகிற ஓர் அம்மாள். யாரும் யாருக்கும் உறவில்லை. ஆளுக்கொரு வளையலாக அத்தைக்குப் போட்டு, சந்தனம் பூசி, குங்குமம் வைத்தார்கள். இரண்டு பேர் பாட்டு எடுத்தார்கள். மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அம்மா ஒரு ஜோடியை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"நீங்களும் போடுங்க."

"கையெல்லாம் கரி" என்றார் அப்பா.

"இருக்கட்டும்ணே" என்றாள் அத்தை. அப்பாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

அப்பா போட்டார். சந்தனம் பூசிய கையில் அவருடைய விரல் ஐந்தும் கறுப்பாகப் பதிந்தன. அத்தை அழுதாள். வளையல் சின்னதாக இருக்கிறது, வலிக்கிறது என்று நினைத்து, பெட்டியில் பெரிய அளவு தேடினேன்.

பிறகு தூக்குகள் திறந்தன. பஸ்காரர்கள், வேன்காரர், எல்லோரும் சாலையோரத்தில் சாப்பிட்டார்கள். டிரைவர் புளிசாதம் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். ஆசுபத்திரிக்குப் போகிற அம்மாள் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, உடம்பு தேவலை, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தாள். பஸ் கிளம்பும்போது பாட்டு இன்னும் முடியவில்லை. வளைவு திரும்பும்வரை கேட்டது.

பின் சீட்டைத் திரும்பப் பொருத்தியதும் காரும் கிளம்பியது. அப்பா ஓட்ட, பக்கத்தில் மாமா வாழைத்தாரை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் நாங்கள் மூன்று பேர். மோட்டார் சைக்கிளைப் புளியமரத்தடியிலேயே விட்டுவிட்டார். நான் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். புகை இல்லை. சாலையும் மலையும் சுத்தமாகத் தெரிந்தன. அத்தை வீட்டுக்குப் போனதும் அப்பா முதல் ஆளாக உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டார்.

புது ஓஸ் போட்ட பிறகு கார் நன்றாகவே ஓடியது. ஆனாலும் மாதத்துக்கு ஒருமுறையாவது அப்பாவுக்கு அதில் பெட்ரோல் வாசனை அடித்துவிடும். "மாப்ளகிட்டதான் காட்டணும். அவருதான் இத கண்டுபிடிப்பாரு" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுப்பார். கள்ளக்குறிச்சியில் மெக்கானிக் கடைகள் வரிசையாக இருக்கும். அதையெல்லாம் தாண்டி மலைக்குப் போவோம். அங்கே அத்தை பெற்ற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அப்பா சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பார். பானெட்டைத் திறந்த ஞாபகமே எனக்கு இல்லை.

ஒருநாள் நான் காரைச் சுற்றிச் சுற்றி வந்து முகர்ந்து பார்த்தேன். அடியில் படுத்தும் பார்த்தேன்.

"அப்பா, பெட்ரோல் வாசனையே வரலயே."

அப்பா வாழைத்தாரை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தார். "உனக்குச் சளி புடிச்சிக்கினு இருக்குது" என்றார்.

அம்மா சிரிக்காமல், அன்றிலிருந்து எனக்குத் தூதுவளை ரசம் வைத்துக் கொடுத்தாள். மறுக்காமல் குடித்தேன். அடுத்த மாதமும் மலைக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டே போனேன். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. இந்தச் சளி சீக்கிரத்தில் விடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.